பங்குக் கொக்கி

சீடருக்கு வயது ஐம்பத்தொன்பது. குருவுக்கு முப்பத்தேழு. யாரும் நம்ப மாட்டார்கள் என்று எனக்கே தெரியும். ஆனால் நடந்தது அப்படித்தான். பக்கத்துக் கொட்டகையில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் லாரிகளுக்குப் பெயர் எழுதுகிறவன். நாமக்கல்லில் திருச்செங்கோடு சாலையில் என் தகரக் கொட்டகை. அதற்கு அடுத்தது சம்பூரணத்தின் பட்டறை. நடுவில் ஒரு கம்பி வேலி, அதுவும் பாதிதான். என் வேலையில் கைக்குத்தான் வேலை. காது சும்மாதான் இருக்கும். அதனால் அந்தப் பக்கம் பேசுகிற பேச்செல்லாம் எனக்கு வந்துவிடும்.

சம்பூரணம் செய்வது கொக்கி வேலை. முன்னால் இழுக்கிற வண்டியையும் பின்னால் இழுபட்டு வருகிற வண்டியையும் சேர்க்கிற கொக்கி. நடமாடும் கண் பரிசோதனை வண்டி, ஊர் ஊராகப் போகிற புத்தக வண்டி என்று பலதும் அவரிடம் வரும். இப்போது வீட்டு வண்டிகளும் வருகின்றன. கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து, ஜீப்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு போகிற சின்ன வீடு அது.

அதில் ஒரு சங்கடம் உண்டு. வீட்டு வண்டியின் மூக்கு ஜீப்பின் வாலில் வந்து உட்காரும். வால் அமுங்கினால் ஜீப்பின் முகம் எழும். முகம் எழுந்தால் முன்சக்கரம் தரையைச் சரியாகப் பிடிக்காது, ஸ்டியரிங் சொன்ன பேச்சுக் கேட்காது. சம்பூரணம் இரண்டு ஸ்பிரிங் பட்டைகளும் இரண்டு செயின்களும் வைத்து ஒரு கொக்கி செய்திருந்தார். வாலில் உட்கார்ந்த பாரத்தில் ஒரு பங்கை அது முன்சக்கரத்துக்கு அனுப்பும், ஒரு பங்கை வீட்டு வண்டியின் சக்கரத்துக்கே திருப்பி விடும். அதற்குப் பங்குக் கொக்கி என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

கெட்டிக்காரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கெட்டிக்காரத்தனத்தைக் காட்டிக்கொள்ளாதவர் என்றால் இவர் ஒருவர்தான். ஒரு முறை கரூரிலிருந்து வந்த ஒருவர் அவசரப்பட்டார். கண்ணால் பார்த்தாலே நேராகத்தான் இருக்கிறது, மாட்டி அனுப்புங்கள் என்றார். சம்பூரணம் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, டேப்பை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டார். அந்த ஆள் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். போகும்போது கும்பிட்டுவிட்டுப் போனார்.

ராக்கியப்பன் அண்ணன் ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். முப்பத்தோரு வருடம் லாரி ஓட்டியவர். அசாம் வரை போய் வந்தவர். வண்டி ஓட்டுவதைப் பற்றி அவரிடம் யாரும் வாய் திறக்க முடியாது. திறந்தால் அசாமில் ஆரம்பித்துவிடுவார், முடிக்க மாட்டார்.

அவர் மனைவி மயிலாத்தாள். அந்த முப்பத்தோரு வருடமும் அவர் நாடு சுற்ற, இந்த அம்மாள் வீட்டையும் பிள்ளைகளையும் இரண்டு எருமைகளையும் பார்த்துக்கொண்டு உள்ளூரிலேயே இருந்தார். லாரியை விட்டு இறங்கியதும் அண்ணன் செய்த முதல் காரியம் ஒரு வீட்டு வண்டி கட்டியது. தான் பார்த்த ஊர்களையெல்லாம் மனைவிக்குக் காட்ட வேண்டும். முக்கியமாகப் பூரியில் கடலைக் காட்ட வேண்டும். அந்த அம்மாள் அதுவரை கடலே பார்த்ததில்லை.

வெள்ளோட்டமாக ஒகேனக்கல் போனார்கள். சாதாரணக் கொக்கிதான் மாட்டியிருந்தார். போகும்போது ஒன்றும் ஆகவில்லை. திரும்புகிற அன்று இருட்டோடு கிளம்பினார்கள், தூறல் வேறு. தொப்பூர் இறக்கத்தில் ஒரு வளைவு வந்தது. அண்ணன் ஸ்டியரிங்கை ஒடித்தார். ஜீப் நேராகப் போனது. பின்னால் வீடு தள்ளிக்கொண்டு வந்தது. ஓரத்து மண்மேட்டில் ஏறி நின்றதால் உயிர் தப்பியது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே அண்ணன் இறங்கினார். மயிலாத்தாளும் இறங்கினார். சேலையை உதறிச் செருகினார். சாலையோரமாக நடந்தார். டீக்கடை பக்கம் நின்ற பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார்.

அன்றிலிருந்து அந்த ஜீப்பில் அவர் ஏறவில்லை. சந்தைக்குப் போவதும் டவுன் பஸ்தான். வீட்டு வண்டி மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. கொக்கியைச் சரி செய்துவிட்டால் மனைவி ஏறிவிடுவாள் என்பது அண்ணனுடைய கணக்கு.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அண்ணன் கடைசியில் இப்படிக் கேட்டார்.

"மாட்டி மட்டும் உட்டுறாதீங்க அம்மிணி. கத்துக் குடுங்க. ரோட்டுல நாந்தான பண்ணோணும்."

சம்பூரணம் அவரை ஏற இறங்கப் பார்க்கவில்லை. ஜீப்பின் முன்சக்கரத்தைத்தான் பார்த்தார். நாளைக்கு வீட்டு வண்டியோடு வரும்படி சொன்னார்.

அடுத்த நாளே டீக்கடையில் கிண்டல் தொடங்கிவிட்டது. அசாம் போன ஆள் அம்மிணியிடம் டியூசன் போகிறார் என்றார்கள். அண்ணனுக்குக் காதில் விழாமல் இல்லை. கேட்டும் கேட்காத மாதிரி வந்தார். அந்த வயதில் தன்னைவிடச் சிறிய பெண்ணிடம் போய், எனக்குத் தெரியவில்லை, கற்றுக் கொடு என்று கேட்பதற்கு ஒரு மனசு வேண்டும். என்னிடம் அது இல்லை. அதனால்தான் சொல்கிறேன்.

முதல் நாள், சமதரையில் ஜீப்பை மட்டும் நிறுத்தச் சொன்னார் சம்பூரணம். கையில் டேப்பைக் கொடுத்தார். முன்சக்கரத்துக்கு மேலே இருக்கிற வளைவு தரையிலிருந்து எத்தனை உயரம் என்று பார்க்கச் சொன்னார். அண்ணன் டேப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்து, முப்பத்திரண்டரை இன்ச் என்றார்.

சம்பூரணம் மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்து, கண்ணை டேப்புக்கு நேராக வைத்துப் படித்தார்.

"முப்பத்திரண்டே கால். நின்னுட்டுப் படிச்சா நமக்கு வேண்டிய அளவுதானுங்ணா தெரியும்."

அண்ணன் முழங்காலைத் தடவிக்கொண்டு மண்டியிட்டார். முப்பத்திரண்டே கால்தான். சாக்பீஸால் வளைவின் மேல் அதை எழுதினார்கள்.

பிறகு பழைய கொக்கியை எடுத்துவிட்டு, பங்குக் கொக்கியைப் பொருத்தி வீட்டு வண்டியை மாட்டினார்கள். செயினைத் தொடவில்லை. மறுபடி அளந்தால் முப்பத்துநான்கு. ஒன்றே முக்கால் இன்ச் முகம் எழுந்திருந்தது. அண்ணன் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பூர் வளைவு அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். செயினை இறுக்கினால் இந்த எடை எங்கே போகும் என்று கேட்டார். மூக்கின் எடை குறைந்துவிடுமா?

சம்பூரணம் உள்ளே போனார். பட்டறையில் நிறைந்திருந்த தண்ணீர்க் குடத்தை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார். கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னார். அண்ணன் பிடித்தார். அரை நிமிடத்தில் குடம் தரைக்கு இறங்கியது.

அப்புறம் என்னைக் கூப்பிட்டார். காதில் பிரஷ்ஷோடு போனேன். குடத்தின் கழுத்தில் கயிறு கட்டி, அதில் ஒரு இரும்புக் குழாயைச் செருகினார். ஒரு முனை அண்ணனுக்கு, ஒரு முனை எனக்கு, நடுவில் அவரே கை கொடுத்தார். மூன்று பேரும் தூக்கிக்கொண்டு பட்டறையை ஒரு சுற்று வந்தோம்.

"எடை எப்படிங்ணா?"

"கொறைஞ்சிருச்சே."

"கொடத்துல தண்ணி?"

"தண்ணி அப்படியேதான் இருக்குது."

"அப்பக் கொறையலீங்ணா. ஆளு கூடியிருக்குது."

அண்ணன் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். எனக்குத் தோள்தான் வலித்தது. ஆனாலும் அந்தப் பதில் அன்று முழுவதும் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

செயினை மாட்டுகிற முறையைக் காட்டினார். ஒவ்வொரு செயினுக்கும் ஒன்பது கண்ணி. தொங்குகிற முனையிலிருந்து எண்ண வேண்டும். கண்ணி ஏற ஏற இறுக்கம் கூடும். முதலில் ஜாக்கி வைத்துக் கொக்கியைத் தூக்கிக்கொள்ள வேண்டும், அப்போது செயின் தளரும், தளர்ந்த பிறகே கை வைக்க வேண்டும். அண்ணன் ஜாக்கியை மறந்து கடப்பாரையால் நெம்பப் போனபோது, சம்பூரணம் ஒரு கையால் கடப்பாரையைப் பிடித்துவிட்டார். விடுபட்டுத் திரும்பி அடித்தால் முழங்கை இருக்காது என்று மெதுவாகத்தான் சொன்னார். அண்ணன் ஜாக்கியை எடுத்து வைத்தார்.

லாரிக்காரர் கைக்கு ஒரு பழக்கம் உண்டு. கயிறு என்று ஒன்றைப் பார்த்தால் இறுக்க வேண்டும். தார்ப்பாய்க் கயிற்றை முழங்காலை ஊன்றி இழுத்துக் கட்டிப் பழகிய கை அது. தளர்ந்த கயிறு அவர்களுக்கு அவமானம். அண்ணனும் அப்படியே செய்தார். எட்டாவது கண்ணி வரைக்கும் ஏற்றிவிட்டார். அளந்தால் முப்பத்தொன்றே முக்கால். பழைய அளவுக்கும் அரை இன்ச் கீழே.

"பாருங்க அம்மிணி. முன்னைக்கும் நல்லாவே உக்காந்திருக்குது."

லாரி கழுவுகிற இடத்துக்கு ஓட்டச் சொன்னார் சம்பூரணம். அந்த இடம் எப்போதும் சேறாகத்தான் இருக்கும். என் கொட்டகைக்கு எதிரேதான். அண்ணன் ஓட்டினார். பின்சக்கரம் இரண்டும் நின்ற இடத்திலேயே சுழன்றன. அப்போதுதான் நான் ஒரு பலகையில் 'பொன்காளியம்மன் துணை' எழுதி முடித்திருந்தேன். 'துணை' மட்டும்தான் சேறில்லாமல் தப்பியது.

சம்பூரணம் வந்து பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றார்.

"முன்னாடி போன பங்கு எங்கிருந்துங்ணா வந்துச்சு?"

அண்ணன் ஜன்னலில் தலையை நீட்டி, சுழன்ற சக்கரத்தைப் பார்த்தார்.

"பின்னாடி இருந்ததப் புடுங்கிட்டேன்."

அவ்வளவுதான் அன்றைய பாடம். என் பலகையைத் துடைக்க இரண்டு பேரும் வந்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இவர்கள் துடைத்தால் அம்மனே அழிந்துவிடுவாள்.

இரண்டாம் நாள் நான்காவது கண்ணியில் நிறுத்தினார் அண்ணன். மண்டியிட்டுப் படித்தார். முப்பத்திரண்டே கால். இன்ச்சில் எட்டில் ஒரு பங்குதான் நூல்; அந்த ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வேட்டியில் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

சம்பூரணமும் மண்டியிட்டுப் படித்தார்.

"அளவு முடியலீங்ணா," என்றார்.

ஏன் என்று சொல்லவில்லை. அண்ணன் வீட்டுக்குப் போய் யோசித்தார். தண்ணீர்த் தொட்டி காலியாக இருந்தது என்று புரிந்தது. மூன்றாம் நாள் தொட்டியை நிரப்பிக்கொண்டு வந்தார். முகம் மறுபடி எழுந்தது. ஐந்தாவது கண்ணிக்கு ஏற்றினார். அளவு சரியாக வந்தது. சம்பூரணம் பார்த்துவிட்டு, அளவு முடியவில்லை என்றார்.

நான்காம் நாள் வீட்டையே பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டார். அரிசி மூட்டை, அடுப்பு, சிலிண்டர், பாத்திரம், போர்வை, கொசுவலை. எதை எங்கே வைத்தால் மூக்கு கனக்கும் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். கனமானதையெல்லாம் சக்கரத்துக்கு மேலே வரும்படி அடுக்கினார். டயர்களில் காற்று பார்த்தார். ஐந்தாவது கண்ணி அப்படியே நின்றது. நான் பார்த்தவரையில் அப்படி ஒரு சுத்தமான வேலையை அந்தப் பட்டறையில் சம்பூரணம் தவிர வேறு யாரும் செய்ததில்லை. நான்கு நாளில் கற்றுக்கொண்டது அது. முப்பத்தோரு வருட அனுபவம் வீண் போகாது என்று நினைத்துக்கொண்டேன்.

சம்பூரணம் மண்டியிட்டுப் படித்தார். சாக்பீஸ் எழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்ல வேலைங்ணா. அளவுதான் முடியல."

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. வரத்தான் செய்யும். டேப்பை ஜீப்பின் மேல் வைத்தார். போடவில்லை, வைத்தார். ஆனால் சத்தம் கேட்டது.

"என்ன பாக்கி அம்மிணி? வாயத் தொறந்து சொல்லோணுமில்ல?"

"பூரிக்கு யாரு யாருங்ணா போறீங்க?"

"நானும் அவளும்."

"அவங்க எங்கீங்க?"

"அவதான் ஏற மாட்டேங்கறாளே. அதுக்குத்தான இந்தக் கொக்கியே. இத முடிச்சுக் காட்டுனா ஏறுவாள்னுதான..."

"ஏறாதவங்களுக்கு எப்படிங்ணா பங்கு போடறது? தனியாப் போறதுன்னா நீங்க லாரியிலயே போயிருக்கலாமே."

அண்ணன் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்து போய்விட்டார். அந்தக் கடைசி வார்த்தை கொஞ்சம் அதிகம் என்று அன்றைக்கு எனக்குப் பட்டது. சம்பூரணத்திடம் அப்படிச் சொல்லவும் சொன்னேன். அவர் டேப்பைச் சுருட்டி டப்பாவில் வைத்துவிட்டு வெல்டிங் வேலையைப் பார்க்கப் போனார்.

இரண்டு நாள் ஆள் வரவில்லை. ஜீப்பும் வீட்டு வண்டியும் மாட்டியபடியே பட்டறையில் நின்றன. அந்த இரண்டு நாளில் வீட்டில் நடந்ததை அண்ணன் பிற்பாடு என்னிடம் சொன்னார். முப்பத்தோரு வருடமும் அவர் மனைவியிடம் சொல்ல மட்டும்தான் செய்திருக்கிறார். இன்றைக்குக் கிளம்புகிறேன், இத்தனாம் தேதி வருவேன், சோறு போடு என்று சொல்லியிருக்கிறார். வருகிறாயா என்று கேட்டதில்லை. வீட்டு வண்டி கட்டும்போதுகூடக் கேட்கவில்லை, பூரிக்குப் போகிறோம் என்று சொன்னார். இப்போது மாட்டுக் கொட்டகையில் நின்றுகொண்டு, மயிலாத்தாள் பால் கறந்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்து, ஒரு தடவை வந்து உட்கார முடியுமா என்று கேட்டிருக்கிறார். வண்டி நகராது, அளவு பார்க்க மட்டும்தான் என்றிருக்கிறார்.

மயிலாத்தாள் பால் சொம்பை இறக்கி வைத்தார். ஜீப்பின் சாவியைக் கேட்டார். அண்ணன் கொடுத்தார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

மூன்றாம் நாள் இரண்டு பேரும் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அசாம் வரை போன மனுசன், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வந்திருக்கிறார். மயிலாத்தாள் ஒல்லியான ஆள். யாரையும் பார்க்காமல் நேராக ஜீப்பிடம் போனார், கதவைத் திறந்தார், இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தார். சாவி இடுப்பிலேயே இருந்தது. அண்ணன் வலப்பக்கம் ஏறினார்.

சம்பூரணம் முதலில் வீட்டு வண்டியைக் கழற்றினார். ஜீப்பில் இரண்டு பேர் மட்டும். மண்டியிட்டு அளந்தார். வாயால் சொல்லவில்லை. அளவு விழுந்த இடத்தில் டேப்பைக் கட்டைவிரலால் பிடித்து, விரலை நகர்த்தாமல் எழுந்து, இடப்பக்க ஜன்னலுக்குக் கொண்டுபோய் மயிலாத்தாளிடம் காட்டினார்.

"முப்பத்திரண்டுக்கு ஒரு நூல் கம்மிங்க்கா. நீங்க ரெண்டு பேரும் உக்காந்ததுல மூணு நூல் எறங்கியிருக்குது. இத ஞாபகம் வெச்சுக்குங்க."

மயிலாத்தாள் விரல் இருந்த இடத்தை உற்றுப் பார்த்துத் தலையாட்டினார்.

அதற்கப்புறம் சம்பூரணம் கொக்கி பக்கம் போகவில்லை. ஜன்னலிலேயே கையை ஊன்றி நின்றார்.

"அக்கா, அன்னைக்கு என்னங்க ஆச்சு?"

அண்ணன் தொப்பூர் இறக்கம், தூறல் என்று ஆரம்பித்தார்.

"உங்களக் கேக்கலீங்ணா."

அண்ணன் நிறுத்தினார். மயிலாத்தாள் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடியே பேசினார். பேசிப் பழக்கமில்லாதவர் என்பது தெரிந்தது. ஆனால் தடுமாறவில்லை.

"தொப்பூருக்கு முன்னாடியே ஆயிப்போச்சு அம்மிணி. பென்னாகரம் ரோட்டுல வரையிலயே வெளிச்சம் ரோட்டுல விழுகல. புளியமரத்து உச்சாணிக் கொப்புல போயி அடிச்சுது. காக்காக் கூட்டுக்கு லைட் போட்ட மாதர இருந்துச்சு."

"சொன்னீங்களா?"

"சொன்னனே. முப்பது வருசம் ஓட்டுனவனுக்குத் தெரியாதா, நீ சும்மா வான்னாங்க."

அண்ணன் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்திருந்தார். ஓடாத வண்டியில் அப்படிப் பிடித்திருந்தார்.

"மோதுனதுக்கு நான் பஸ் ஏறல அம்மிணி. வண்டின்னா எங்கியாச்சும் மோதும். சொன்னதுக்கப்புறமும் மோதுச்சே, அதுக்குத்தான் ஏறுனேன்."

நான் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டேன். என் வீட்டிலும் ஒருத்தி இருக்கிறாள். அவள் சொல்லி நான் கேட்காததெல்லாம் வரிசையாக வந்து நின்றது.

சம்பூரணம் அந்த அம்மாளையே பார்த்தார். யாரையும் புகழ்ந்து பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை. அன்றைக்குப் பேசினார். முகம் எழுந்தால் லைட் மேலே போகும், நாங்கள் ஒரு நாள் முழுக்க மண்டியிட்டு டேப்பில் பார்க்கிறதை நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்திருக்கிறீர்கள் என்றார். மயிலாத்தாள் வெட்கப்பட்டார். அண்ணன் முதல் தடவையாக மனைவி பக்கம் திரும்பினார்.

பிறகுதான் வீட்டு வண்டியை மாட்டினார்கள். இரண்டு பேரும் ஏறியிருக்க, சம்பூரணமே ஜாக்கி வைத்து, செயினை ஐந்தாவது கண்ணியில் போட்டார். ஜாக்கியை இறக்கினார். மண்டியிட்டு அளந்தார். கட்டைவிரலோடு டேப்பை மறுபடி ஜன்னலுக்குக் கொண்டுபோனார்.

"அதே எடந்தான்," என்றார் மயிலாத்தாள்.

அண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தலையை எட்டி நீட்டினார்.

"அஞ்சாவது கண்ணிதான அம்மிணி? நான் அன்னைக்கே மாட்டுனது அதுதான். இவ உக்காந்தும் அதேதான் வருது. அப்பறம் எதுக்கு முடியல முடியலன்னீங்க?"

"அன்னைக்கு அது உங்க அளவுங்ணா."

மயிலாத்தாள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். உடனே கொடுக்கவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கடல் எத்தனை நாள் தூரம் என்று கணவரிடம் கேட்டார். நிதானமாகப் போனால் ஐந்து நாள் என்றார் அவர். நிதானமாகவே போகலாம் என்று சொல்லி, சாவியை அவர் கையில் வைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெயிண்ட் வாசனை என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அது இல்லை.

சேற்றில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொன்னார் சம்பூரணம். நான் ஓடிப்போய் என் பலகைக்குச் சாக்கைப் போர்த்தினேன். சக்கரம் சுழலவில்லை. ஸ்டியரிங் ஒடித்த பக்கம் ஜீப் போனது, ஜீப் போன பக்கம் வீடும் போனது. ஒரு சொட்டுச் சேறு என் பக்கம் வரவில்லை.

சாலைக்குத் திரும்புகிற இடத்தில் அண்ணன் ஜீப்பை நிறுத்தினார். இறங்கி வந்தார். குருவிடம் கேட்க அவருக்கு இன்னும் ஒன்று இருந்தது.

"போற வழியில அரிசி தீரும். தண்ணி கொறையும். வேற எதையாச்சும் ஏத்துவோம். நெறைய நாளு ஆகும் அம்மிணி. அளவு தப்பிருச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சம்பூரணம் கையைத் துடைத்துக்கொண்டே ஜீப்பின் இடப்பக்க ஜன்னலைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியாதுங்ணா. அக்காவக் கேளுங்க."